திங்கட்கிழமைக் காரீயம்

எங்கள் ஆய்வகத்தில் என்னை யாருக்கும் பிடிக்காது என்று சொன்னால் அது மிகை. பிடிக்கும், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு பிடிக்கும். கண்ணிமையில் மினுமினுப்பு பூசிக்கொண்டு வந்த வரவேற்பறைப் பெண்ணை, அதில் உலோகத் தூள் இருக்கும் என்று கதவோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூட வேலை செய்யும் யாவ்திங்கின் கைக் களிம்பைக் குப்பையில் போட்டுவிட்டு, போட்டது நான்தான் என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாததால் எச்சில் தெறிக்கவில்லை, அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

உணவிலும் தண்ணீரிலும் மண்ணிலும் ஒளிந்திருக்கும் காரீயத்தை அளப்பது எங்கள் பிழைப்பு. பெரிய நீச்சல் குளம் ஒன்றில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துவிட்டு, அந்தக் குளத்திலிருந்து ஒரு குவளை மொண்டு 'இதில் எவ்வளவு உப்பு' என்று கேட்டால் எப்படியோ, அப்படிப்பட்ட வேலை. கஞ்சியோ தேயிலையோ சிப்பியோ, எது வந்தாலும் நான் எடை அறையில் பொட்டலத்தைப் பிரித்து, அரை கிராம் எடுத்துக் குழாயில் போடுவேன். யாவ்திங் தன் அறையில் அதில் அமிலம் ஊற்றிக் காய்ச்சிக் கரைப்பான். கரைந்த நீரை மெஷின் பனித்துளிபோலத் தூவி, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான பிளாஸ்மாச் சுடருக்குள் செலுத்தும். உள்ளே போனதெல்லாம் அணு அணுவாகப் பிரிந்து, எடைவாரியாக வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு வரும். பதினோரு வருடம் பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி. மெஷின் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று, ஊர் நம்பிக்கைப்படி அதன் தலையில் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை வைத்திருக்கிறோம். எங்கள் தைச்சுங் நகரில் பொட்டலம் இல்லாத மெஷினை நான் பார்த்ததில்லை. காலாவதித் தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது யாவ்திங்கின் பொறுப்பு.

அந்தத் திங்கட்கிழமை வந்தது ஒரு குழந்தைக் கஞ்சி. ஷிலுவோவில் சிறிய தொழிற்கூடம் வைத்திருக்கும் யென் முதலாளியம்மாவின் சரக்கு. அரிசி, பூசணி, கோழி சேர்த்துக் குழைய வேகவைத்து, உறைய வைத்த பொட்டலம். ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு. எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வரம்பு கிலோவுக்கு இருபது மைக்ரோகிராம் காரீயம். மெஷின் முப்பத்திநான்கு என்றது.

வரம்பைத் தாண்டினால் மறுபடி அளக்காமல் கையெழுத்துப் போடமாட்டோம். புதன்கிழமை அதே பொட்டலத்திலிருந்து மறுபடி எடுத்தேன். பன்னிரண்டு என்றது.

எங்கள் மேலாளர் கே சாருக்கு இரண்டு எண்ணும் பிடிக்கவில்லை. ஒன்று தப்பு, ஒன்று சரி என்றால் எது என்று கேட்டார். எனக்கோ அது தப்பாகவே தோன்றவில்லை, வேடிக்கையாகத் தோன்றியது. ஒரே கலனில் மணிக்கணக்காகக் கிண்டிய கஞ்சி. ஒரு கரண்டிக்கும் மறு கரண்டிக்கும் மூன்று மடங்கு எப்படி வித்தியாசம் வரும்? ஒவ்வொரு தடவையும் கஞ்சியோடு ஒரு வெற்றுக் குழாயையும் அனுப்புவோம். அதில் உணவு இருக்காது, அமிலம் மட்டும்தான். எங்கள் பக்கத்து அழுக்கு ஏதாவது கலந்திருந்தால் அந்த வெற்றுக் குழாய் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நாளும் அது சுத்தமாக இருந்தது. ஆக, காரீயம் கஞ்சியில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அடித்துச் சொன்னேன்.

முதலாளியம்மாவுக்குத் தகவல் போயிற்று. நாலாயிரம் பொட்டலம் குளிர் அறையில் முடங்கியது. அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமைக்குள் எங்கள் இறுதி அறிக்கை போக வேண்டும். அதில் வரம்பு தாண்டியிருந்தால் சரக்கு முழுவதும் அழிக்கப்படும், அவர் பெயர் சுகாதாரத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஏறும். குழந்தை உணவு விற்பவர் பெயர் ஒரு தடவை அங்கே ஏறினால் இறங்காது.

மறுநாளே நேரில் வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், குட்டை முடி, நடையில் அவசரம். வரவேற்பறை மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்து, சுடவைத்துத் தரச் சொல்லி, கரண்டி கேட்டு வாங்கி, எங்கள் முன்னாலேயே தின்ன ஆரம்பித்தார்.

"இதுல காரீயம்னா நான் எப்பவோ செத்திருக்கணும். பதினாலு வருஷமா தெனம் ஒரு கரண்டி ருசி பாக்கறவ நான்."

"காரீயம் உங்களக் கொல்லாதுங்க" என்றேன். "குழந்தைங்க மூளையத்தான் மெதுவாத் தின்னும்."

கரண்டி பாதி வழியில் நின்றது. அதைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யாவ்திங் என் காலை மிதித்தான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொல்லிவிட்டேன்.

"உங்க மெஷின் தப்பே பண்ணாதா?"

"பண்ணாதுங்க."

"அப்போ தப்பு என் எடத்துலதான். எங்கேன்னு மட்டும் சொல்லுங்க. புடுங்கிப் போட்டுர்றேன்."

அவர் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. இருபது பேரோடு சண்டை போட்டுப் பழகிய எனக்கு அதுதான் உறுத்தியது. இவருக்கு எப்படியாவது இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மெஷின் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். நாங்கள் வழக்கமாகக் கேட்பது ஐந்து உலோகங்களைத்தான். ஆனால் அது எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கும், நாம் திறந்து பார்ப்பதில்லை. அன்று மதியம் திறந்து பார்த்தேன். காரீயத்தோடு கூடவே வெள்ளீயம் இருந்தது. திங்கட்கிழமைக் கஞ்சியில் நிறைய, புதன்கிழமைக் கஞ்சியில் கொஞ்சம். காரீயம் எவ்வளவு குறைந்திருந்ததோ அதைப்போலப் பதினான்கு மடங்கு வெள்ளீயம் குறைந்திருந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு வருகின்றன.

வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தால் பற்றாசு. பழைய பாத்திரத்தில் ஓட்டை அடைக்கிற பொருள். முதலாளியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, கலனில் எங்காவது பற்றவைத்த இடம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடியில் ஒரு ஒட்டு இருக்கிறது, எட்டு வருடம் முன் ஒரு பட்டறைக்காரர் அடைத்துக் கொடுத்தார் என்றார். அதுவாக இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன், ஆனால் என் குரல் அப்படிச் சொல்லியிருக்காது.

அடுத்த திங்கட்கிழமை அதே சரக்கிலிருந்து புதிய பொட்டலம் அளந்தேன். இருபத்தொன்பது. வெள்ளீயமும் அதற்கேற்ப. அன்று மாலையே முதலாளியம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. நூற்றிருபது லிட்டர் கலன், பழைய இரும்புக்காரன் வண்டியில் குப்புறக் கிடந்தது. கீழே ஒரே வரி: 'புடுங்கிட்டேன்.' படத்தைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

கே சார் மூன்று எண்ணையும் கூட்டி வகுத்தார். இருபத்தைந்து. வரம்பைத் தாண்டியது, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். நான் பேனாவை எடுக்கவில்லை. மூன்று அளவையும் ஒரு தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்திருந்தேன். படுக்கை வாட்டில் வெள்ளீயம், செங்குத்தில் காரீயம். மூன்று புள்ளியும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நின்றன. அந்தக் கோட்டை வெள்ளீயமே இல்லாத இடம்வரை நீட்டினால் காரீயம் நாலு என்று வந்தது. அதாவது கஞ்சிக்குச் சொந்தமானது நாலுதான். மிச்சம் எல்லாம் எங்கிருந்தோ வந்து விழுகிறது. கலனிலிருந்து கரைந்திருந்தால் எல்லாப் பொட்டலத்திலும் ஒரே அளவாகக் கரைந்திருக்க வேண்டும். இது துகளாக விழுகிற மாதிரி இருந்தது.

அடுத்த வாரப் புதன்கிழமைவரைதான் நேரம் என்று சொல்லிவிட்டு கே சார் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இரண்டு மாதத்து அளவுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். எடை அறையில் காரீய அளவு முன்பே தெரிந்த அரிசி மாவு ஒன்று உண்டு. கஞ்சியைப்போலவே அதையும் தினமும் அளந்து, நாங்கள் சரியாக அளக்கிறோமா என்று பார்ப்போம். அந்த மாவு திங்கட்கிழமைகளில் கொஞ்சம் தூக்கலாகக் காட்டியிருந்தது. அனுமதித்த எல்லைக்குள்தான், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. சிப்பிக்கும் காளானுக்கும் வரம்பு நூற்றுக்கணக்கில். அவற்றில் இருபது முப்பது கூடினால் யார் கவனிப்பார்கள்? குழந்தைக் கஞ்சி வந்ததால்தான் அது வெளியே வந்தது.

"காரீயத்துக்கும் திங்கக்கெழமைன்னா பிடிக்காது போல" என்றான் யாவ்திங்.

"எத்தனை திங்கட்கிழமைன்னு பாரு."

எண்ணினான். நாலு. அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

நாலு வாரம் முன்பு என்ன மாறியது என்று பட்டியல் போட்டோம். புதிய பெட்டி அமிலம். கையுறை வேறு ஊரிலிருந்து வருகிறது. துப்புரவு செய்யும் அம்மா மாறியிருக்கிறார். சனி ஞாயிறு குளிர்சாதனத்தை நிறுத்துகிறார்கள், தூசி படியலாம். சோளப்பொரிப் பொட்டலம் காலாவதியாகிவிட்டது என்று கே சார் எட்டிப் பார்த்துச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டோம். நாலு வாரம் முன்பு இன்னொன்றும் மாறியிருந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். என் அப்பா இறந்துபோயிருந்தார். அது பட்டியலில் சேரக்கூடிய விஷயம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அறை முழுக்கத் துடைத்து எடுத்தோம். அமிலத்தில் நனைத்த வடிதாளால் இருபத்தாறு இடம். கதவுக் கைப்பிடி, தராசுத் தட்டு, விசைப்பலகை, சன்னல் விளிம்பு. எல்லாம் சுத்தம், ஒன்றைத் தவிர. எடை அறையில் நான் உட்காரும் நாற்காலியின் கைப்பிடியில் காரீயமும் வெள்ளீயமும் கொட்டிக் கிடந்தன.

எனக்கு வந்த கோபத்தில் அந்த நாற்காலியை நானே வெளியே தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டடியில் போட்டேன். மலிவு நாற்காலி, சாயத்தில் என்ன கலந்தானோ என்று அதை வாங்கியவனை வாயார வைதேன். யாவ்திங் நாற்காலியையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். அந்த நாற்காலி ஆறு வருடமாக அங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். அப்பா போனதிலிருந்து நாற்பத்தொன்பதாம் நாள் வரை ஏழு நாளுக்கு ஒரு சடங்கு. கடைசியில் எரிப்பதற்காகத் தாமரைப் பூக்கள் மடிக்க வேண்டும். மஞ்சள் காகிதத்தில் பொன்னிறத் தகடு ஒட்டிய தாள். ஒவ்வொரு தாளையும் படகுபோல மடித்து, அடுக்கி, நூலால் இறுக்கி, இதழ் இதழாக மேலே விரித்துவிட வேண்டும். பூவில் ஏறித்தான் அப்பா போவார் என்கிறார்கள். நூற்றெட்டுப் பூ வேண்டும் என்று கோயிலில் சொல்லியிருந்தார்கள்.

அப்பா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். அவரோடு நான் அதிகம் பேசியதில்லை. பேசியபோதெல்லாம் நான் சொன்னதில் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார், நான் அவர் சொன்னதில் ஒன்று கண்டுபிடிப்பேன். அவர் போன அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. தம்பி போச்சுன் அழுதான், அவன் மனைவி அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர்கூட அழுதார். எனக்கு மடிக்கத்தான் வந்தது. மூலைக்கு மூலை, மயிரிழை பிசகாமல். நாலு ஞாயிறும் காலையிலிருந்து சாயங்காலம்வரை மடித்தேன். மடித்துக்கொண்டிருக்கும்போது அவர் எதிரே உட்கார்ந்து குற்றம் தேடுகிற மாதிரியும், கிடைக்காமல் விழிக்கிற மாதிரியும் இருக்கும்.

அன்று மதியம் என் மூக்குக்கண்ணாடி மங்கலாக இருந்தது. சட்டைக்கு மேலே போட்டிருந்த கறுப்புக் கம்பளிச் சட்டையின் கைவிளிம்பால் துடைத்தேன். இன்னும் மங்கிப்போயிற்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க மெல்லிய வெள்ளிப் பூச்சு, மீன் செதில் அரைத்துத் தடவியதுபோல. விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் அதே வெள்ளி. பொன்னிறம் வெறும் சாயம். அடியில் இருந்த தகடு வெள்ளீயம். அந்த நிறத்தை எனக்குத் தெரியாதா?

துக்கத்துக்காக அந்தக் கறுப்புச் சட்டையை ஒரு மாதமாகத் துவைத்தும் துவைக்காமலும் போட்டுக்கொண்டிருந்தேன். எடை அறை எப்போதும் குளிர். வெள்ளை மேலங்கிக்கு உள்ளே அதைத்தான் போட்டுக்கொள்வேன். கையுறைக்கும் மேலங்கிக்கும் இடையே இரண்டு விரல் அகலம் கம்பளி எட்டிப் பார்க்கும். கஞ்சியைக் குழாயில் போடும்போது அந்த விளிம்பு குழாயின் வாய்க்கு நேர் மேலே நிற்கும்.

"ஏன் நிறுத்திட்ட அக்கா? இந்தப் பூவுக்கு இன்னும் ரெண்டு வரிசை வேணும்" என்றான் போச்சுன்.

ஒரு பிளாஸ்டிக் உறை கேட்டேன். ஒரு தாளை அதில் போட்டு மூடினேன்.

"அப்பாவுக்கு அனுப்பற தாளத் திருடறியா?"

"ஒண்ணே ஒண்ணு."

அவன் சிரித்தான். நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். ஆறு தடவை கழுவினேன்.

திங்கட்கிழமை யாவ்திங்கிடம் ஒன்றும் விளக்காமல் நாலு குழாய் கேட்டேன். நாலும் காலி. ஒன்றை அவன் அறையிலேயே விட்டேன். ஒன்றை அவன் எடை அறைக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து, அரை நிமிடம் கழித்து மூடினான். மூன்றாவதை நான் கம்பளிச் சட்டையைக் கழற்றி, முழங்கைவரை கழுவிக்கொண்டு திறந்து மூடினேன். நாலாவதை வழக்கம்போல, சட்டையோடு. கூடவே தாளில் நகத்தளவு துண்டு ஒன்றைக் கரைத்து, பத்தாயிரம் மடங்கு நீர்த்துவிட்டுக் கொடுத்தேன்.

திரையில் எண்கள் வர வர யாவ்திங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். முதல் குழாயில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் லேசான ஒரு கோடு. நாலாவது எகிறியது. தாள், அளவுகோலுக்கு மேலேயே போய்விட்டது. அதை இன்னும் நீர்த்துப் பார்த்தோம். காரீயம் ஒன்றுக்கு வெள்ளீயம் பதினான்கு. அந்த எண்ணைப் பார்த்த கணத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பொருந்திவிட்டதே என்ற சந்தோஷம். அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது.

வெற்றுக் குழாய் ஏன் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அதில் போட ஒன்றும் இல்லை, அதனால் எடை போட வேண்டியதில்லை, அதனால் அது எடை அறைக்கே வந்ததில்லை. கஞ்சி நடந்த வழியில் அது நடக்கவே இல்லை. பதினோரு வருடமாக இப்படித்தான் செய்கிறோம். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளும் நான்தான், அமில அறைக்கும் எடை அறைக்கும் நடை மிச்சம் என்று.

யாவ்திங் நாற்காலியிலிருந்து எழுந்தான். பிறகு கஞ்சிப் பொட்டலத்தைத் தானே எடுத்துக்கொண்டான்.

"நீ உள்ள வராத. நான் எடை போடறேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மூன்று பொட்டலம், மூன்று குழாய், இந்தத் தடவை வெற்றுக் குழாயும் கூடவே போய் வந்தது. நாலு புள்ளி ஒன்று. மூன்று புள்ளி ஒன்பது. நாலு. கோடு சொன்னது போலவே.

கே சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, நாலு வாரத்துத் திங்கட்கிழமை மாதிரிகள் எத்தனை, எல்லாவற்றையும் திரும்ப அளக்க எத்தனை நாள் என்று கணக்குப் போட்டார். பிறகு முதலாளியம்மாவுக்கான விளக்கத்தில் 'ஆய்வகச் சூழலிலிருந்து நேர்ந்த கலப்பு' என்று எழுதச் சொன்னார்.

"குழந்தைக் கஞ்சி செய்யறவங்ககிட்ட போய் எழவு வீட்டுக் காகிதம்னு சொல்லப் போறியா? பொய் சொல்லச் சொல்லல. கொறைச்சுச் சொல்லச் சொல்றேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துக்கம் காக்கிறவர்கள் கல்யாண வீட்டுக்கோ பிள்ளை பெற்ற வீட்டுக்கோ போவதில்லை. நான் அந்தக் காகிதத்தையே கொண்டுபோய் ஆறு மாதக் குழந்தைகளின் சோற்றில் தூவியிருக்கிறேன். சாப்பிட்டது மெஷின்தான், குழந்தை இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை முதலாளியம்மா வந்தார். நாலு என்றதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மேசையில் இருந்த தன் பொட்டலங்களை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு மலர்ச்சி மெல்ல இறங்கியது.

"சரி, நாலு. அப்போ முப்பத்திநாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

கே சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆய்வகச் சூழல் என்றார்.

"சூழல்னா யாரு?"

யாவ்திங் தரையைப் பார்த்தான்.

"நான்தாங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, தாமரை, தகடு, கம்பளிச் சட்டை, வெற்றுக் குழாய். எங்கள் மெஷின் தப்பு செய்யாது என்று சொன்ன அதே வாயால் சொன்னேன். 'தாமரை' என்றபோதே அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. மேசையில் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டார். நான் அவர் முன்னால் குனிந்து நின்றேன்.

"என் கலன் பழைய இரும்புக் கடைல நசுங்கிக் கெடக்கு."

"தெரியும். நான் சொல்லித்தான்."

"ஒன்பது நாளா அடுப்பு பத்தவைக்கல. ரெண்டு பேர் வேலைய விட்டுப் போயிட்டாங்க. பக்கத்துக் கடைக்காரி என்னப் பாத்துட்டுக் குழந்தையத் தூக்கிட்டு உள்ள போறா."

கே சார் இழப்பீடு என்று ஏதோ ஆரம்பித்தார். முதலாளியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க மன்னிப்பும் வேணாம், பணம் அப்புறம். இப்ப எழுதிக் குடுங்க."

சூழல் என்று எழுதிய தாளை கே சார் அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் திருப்பி நகர்த்தினார்.

"இதக் காட்டினா எந்தத் தாய் நம்புவா? ஏதோ மூடி மறைக்கறாங்க, காசு குடுத்து மாத்திட்டாங்கன்னுதான் பேசுவாங்க. இவங்க சொன்னத அப்படியே எழுதுங்க. இவங்க கை, இவங்க சட்டை, இவங்க அப்பா. இப்படி ஒரு பொய்ய யாரும் கட்ட மாட்டாங்க. அதனால நம்புவாங்க."

கே சார் என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே கணினி முன் உட்கார்ந்திருந்தேன். படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம்: கருவி, முறை, சூழல், ஆள். முறையிலும் ஆளிலும் குறியிட்டேன். கீழே எழுத வேண்டும். என் பெயர் தோங் பெய்ரு என்று எழுதினேன். 'இறந்த தந்தைக்காக மடித்த காகிதத்தின் துகள், பகுப்பாய்வாளரின் கையிலும் உடையிலும் ஒட்டி வந்தது' என்று எழுதினேன். 'இறந்த' என்ற சொல்லில் விரல் நின்றது. ஐந்து வாரத்தில் எத்தனையோ படிவத்தில் தம்பிதான் அதை எழுதினான். நான் எழுதுவது அதுதான் முதல் தடவை.

அவர் இரண்டு தடவை படித்தார். கே சார் முத்திரை வைத்தார். முதலாளியம்மா தாளை உறையில் போட்டு, கஞ்சிப் பொட்டலங்கள் இருந்த பையில் வைக்காமல், தனியாகக் கையில் பிடித்துக்கொண்டார். அதைக் கவனித்தேன்.

மின்தூக்கி வரை கூடப் போனேன். அனுப்பிவைப்பது வழக்கம், அதோடு அவர் திட்ட நினைத்தால் அங்கே வைத்துத் திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவர் பொத்தானை அமுக்கிவிட்டு எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொன்பதாம் நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பதினாலு."

"பூவு?"

"நூத்தியெட்டு வேணும். அறுபத்திமூணு ஆச்சு. நான் இனிமே தொட முடியாது. தம்பி ஒருத்தன்தான்."

தலையாட்டினார். கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றார்.

"எங்க ஊர்ல சொந்தம் இல்லாதவங்களும் மடிப்பாங்க. மனசு இருந்தாப் போதும்பாங்க." தன் இரண்டு கையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "ஆனா நானும் தொடக் கூடாதில்ல. இந்தக் கையாலதான் நாளைக்கு அரிசி கழுவணும்."

கதவு மூடிக்கொண்டது.

ஆறுதல் என்று எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள். பூங்கொத்து வந்தது, துக்கப் பணம் வைத்த வெள்ளை உறைகள் வந்தன, கே சார் மூன்று நாள் விடுப்பு கொடுத்தார். அப்போதெல்லாம் வராதது, என்னைத் திட்டியிருக்க வேண்டியவர் மடிக்க முடியாது என்று சொன்னபோது வந்தது. நடைபாதையில் நின்று அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். முகத்தைத் துடைக்கக் கை உயர்ந்தது. பூ மடித்த கை என்று பாதியில் நிறுத்திக்கொண்டு, வழிகிறது வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.